நிலா ஒருமுறைதான் உச்சிக்கு வருகிறது, கடல் ஏன் இருமுறை ஏறுகிறது?

அமாவாசை, பௌர்ணமி நெருங்கினால் தமிழ்ச் செய்திகளில் ஒரு தலைப்பு அடிக்கடி தென்படும்: திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது. கூடவே பாசி படர்ந்த பாறைகள் வெளியே தெரியும் ஒரு படம், பக்தர்கள் அச்சம் என்று ஒரு வரி. 2004 டிசம்பருக்குப் பிறகு கடல் பின்வாங்குகிறது என்றாலே நமக்கு வயிற்றில் புளி கரைவது இயல்புதான். ஆனால் செய்தியில் வரும் இந்த உள்வாங்கல் பெரும்பாலும் சாதாரண ஓதம். ஆழிப்பேரலை கடலடி நிலநடுக்கத்தால் வருவது, அதற்குமுன் கடல் வற்றினாலும் சில நிமிடங்களில் வற்றித் திரும்பிவிடும். ஓதம் அப்படி அவசரப்படாது. சுமார் ஆறு மணி நேரம் மெதுவாக வற்றும், அடுத்த ஆறு மணி நேரம் மெதுவாக ஏறும், நாள் தவறாமல்.

80 அடி உள்வாங்கியது என்று எழுதும்போது அந்த 80 அடி கிடைமட்ட அளவு என்பதையும் யாரும் சொல்வதில்லை. கரை 40 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் சரிந்திருந்தால், தண்ணீர் மட்டம் 2 அடி இறங்கினாலே 80 அடித் தரை வெளியே வந்துவிடும். 2 அடி என்று தலைப்புப் போட்டால் யார் படிப்பார்கள்?

சரி, அந்த 2 அடியை இறக்குவது யார்? நிலா என்று பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நிலா கடலை இழுக்கிறது, இழுக்கும் பக்கம் தண்ணீர் பொங்குகிறது. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் இரண்டு கேள்விகளில் இந்த விளக்கம் தடுமாறிவிடும். ஓர் ஊரின் தலைக்கு மேல் நிலா நாளுக்கு ஒருமுறைதானே வருகிறது, கடல் ஏன் இருமுறை ஏறுகிறது? சூரியன் பூமியை நிலாவைவிடச் சுமார் 180 மடங்கு பலமாக இழுக்கிறதே, அப்படியானால் ஓதம் ஏன் சூரியனைப் பின்பற்றாமல் நிலாவைப் பின்பற்றுகிறது?

இழுப்பும் இழுப்பின் வித்தியாசமும்

நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பூமியின் விட்டம் 12,742 கிலோமீட்டர். எனவே பூமியின் ஒரு பக்கம் நிலாவுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது, மறுபக்கம் கொஞ்சம் எட்டத்தில் இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகக் குறையும். இந்த விதியை வைத்துக் கணக்குப் போடுவோம். பூமியின் நடுவில் நிலாவின் இழுப்பு 1000 என்று வைத்துக்கொண்டால், நிலாவைப் பார்த்த பக்கத்தில் அது 1034, எதிர்ப்பக்கத்தில் 968.

இனிதான் முக்கியமான இடம். பூமி எதன்மீதும் ஊன்றி நிற்கவில்லை. நிலா பூமியைச் சுற்றுகிறது என்று சொன்னாலும், உண்மையில் இரண்டும் ஒரு பொதுப் புள்ளியைச் சுற்றுகின்றன. பூமி கனமானது என்பதால் அந்தப் புள்ளி பூமிக்கு உள்ளேயே, நடுவிலிருந்து சுமார் 4,670 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆக, பூமி முழுவதும் ஒரே பொருளாக அந்த 1000 அளவில் நிலா பக்கம் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. மலை, வீடு, கடல், நாம் எல்லாம் சேர்ந்தே போகிறோம் என்பதால் அந்த 1000 யாருக்கும் தெரிவதில்லை. தெரிவது மிச்சம் மட்டும்.

நிலா பக்கத்துத் தண்ணீர் பூமியின் நடுவைவிட 34 கூடுதலாக இழுபடுகிறது. அதனால் முந்திக்கொண்டு நிலா பக்கம் விலகப் பார்க்கிறது. எதிர்ப்பக்கத் தண்ணீர் 32 குறைவாக இழுபடுகிறது. பூமி நிலா பக்கம் போகப்போக அது பின்தங்குகிறது. முந்தினாலும் பின்தங்கினாலும், பூமியின் நடுவிலிருந்து பார்த்தால் இரண்டும் விலகல்தான். எனவே இரண்டு பக்கமும் புடைப்பு வரும். பூமி சுழலும்போது கடலோர ஊர் ஒன்று இரண்டு புடைப்புகளையும் கடந்து செல்லும். நாளுக்கு இரண்டு ஏற்றம் இப்படித்தான் வருகிறது.

எதிர்ப்பக்கப் புடைப்புக்குச் சில பாடநூல்களும் காணொளிகளும் மையவிலக்கு விசை என்று ஒரு காரணம் சொல்லும். பொதுப் புள்ளியைச் சுற்றும் இயக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கவனமாகக் கணக்குப் போட்டால் அந்த வழியும் இதே விடைக்கு வந்து சேரும். சிக்கல் என்னவென்றால், படிப்பவர்களில் பாதிப் பேர் அதைப் பூமியின் தற்சுழற்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். பூமி சுழல்வதால் தண்ணீர் வெளியே வீசப்படுகிறதாம்! தற்சுழற்சி பூமியின் இடுப்பைச் சுற்றிலும் எப்போதும் ஒரே அளவில் புடைக்க வைக்குமே தவிர, கடலை நாளுக்கு இருமுறை ஏற்றி இறக்காது. வித்தியாசம் என்ற ஒரே யோசனை இரண்டு புடைப்பையும் விளக்கிவிடுகிறது என்பதால் என் ஓட்டு அதற்குத்தான்.

சூரியன் ஏன் இரண்டாம் இடத்தில் நிற்கிறது என்பதற்கும் இதே யோசனை விடை தருகிறது. சூரியனின் நிறை நிலாவைப்போல் சுமார் 2.7 கோடி மடங்கு, ஆனால் அது 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், நிலாவைவிட ஏறத்தாழ 390 மடங்கு தூரத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் பூமியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். இழுப்பு பெரிது, வித்தியாசம் சிறிது. இழுப்பு தூரத்தின் இருபடிக்கு ஏற்பக் குறைந்தால், இழுப்பின் வித்தியாசம் முப்படிக்கு ஏற்பக் குறையும். கணக்கை முடித்தால் சூரியனின் ஓத வலிமை நிலாவினுடையதில் 46 விழுக்காடு என்று வருகிறது. பாதிக்கும் குறைவு, ஆனால் ஒதுக்கிவிடக்கூடிய அளவும் அல்ல.

இந்த விளக்கத்தின் அடிப்படையை 1687இல் நியூட்டன் தந்தார். அதற்கு முன்பு கெப்ளர் நிலாவைக் கை காட்டியிருந்தார். கலிலியோ அதை ஏற்கவே இல்லை. தொட்டுக்கொள்ளாத ஒரு பொருள் அவ்வளவு தூரத்திலிருந்து கடலை ஆட்டுவதாவது என்று கெப்ளரைக் குறைபட்டுக்கொண்டார். பூமி தன்னைச் சுற்றிக்கொண்டே சூரியனையும் சுற்றுவதால் கடல் தளும்புகிறது என்பது கலிலியோவின் கட்சி. 1632இல் அதை அச்சிலும் போட்டார். அவர் கணக்குப்படி நாளுக்கு ஓர் ஏற்றம்தான் வர வேண்டும். கடல் அவருக்குக் கட்டுப்படவில்லை.

ஏன் நேரம் தள்ளிப்போகிறது?

பூமி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் நிலாவும் தன் பாதையில் கொஞ்சம் முன்னே நகர்ந்திருக்கும். அதைப் பிடிக்கப் பூமிக்கு இன்னும் சுமார் 50 நிமிடம் தேவைப்படுகிறது. எனவே ஓதத்தின் நாள் 24 மணி 50 நிமிடம், ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சராசரியாக 12 மணி 25 நிமிடம். இன்று காலை 6 மணிக்குக் கடல் நிறைந்திருந்தால், நாளை ஏறக்குறைய 6:50க்கு நிறையும்.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருகின்றன. அமாவாசையில் சூரியனும் நிலாவும் ஒரே பக்கம், பௌர்ணமியில் எதிரெதிர்ப் பக்கம். புடைப்பு இரு பக்கமும் வரும் என்பதால் ஓதத்துக்கு இரண்டும் ஒன்றுதான். சூரியனின் புடைப்பு நிலாவின் புடைப்போடு சேர்ந்துகொள்ள, ஏற்றமும் பெரிதாகும், வற்றமும் ஆழமாகும். இந்த வற்றத்தில்தான் திருச்செந்தூர்ப் பாறைகள் தலைகாட்டுகின்றன. அஷ்டமியை ஒட்டி, அரை நிலாவாக இருக்கும்போது, இரண்டும் செங்குத்தாக நின்று ஒன்றை ஒன்று குறைத்துவிடும், கடலும் அதிகம் அசையாது. பெரிய ஓதம் பல கரைகளில் அமாவாசை அன்றே வராமல் ஓரிரு நாள் கழித்து வருவதும் உண்டு. அவ்வளவு தண்ணீருக்கும் எதிர்வினை காட்ட நேரம் வேண்டாமா?

நிலாவின் பாதை சரியான வட்டம் இல்லை. மிகக் கிட்டத்தில் வரும்போது சுமார் 3,57,000 கிலோமீட்டர், மிக விலகிப் போகும்போது சுமார் 4,06,000 கிலோமீட்டர். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் முப்படிக் கணக்கில் ஓத வலிமை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிடுகிறது. சூப்பர் மூன் என்று படம் பிடிக்கிறோமே, கண்ணுக்குப் பெரிய மாற்றம் தெரியாத அந்த நிலவின் உண்மையான வேலை கடலில்தான் நடக்கிறது.

நிலா தண்ணீரைத் தூக்குவதில்லை

இந்த விசை எவ்வளவு பெரிது? பூமியின் ஈர்ப்போடு ஒப்பிட்டால் 90 லட்சத்தில் ஒரு பங்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் தலைக்கு நேர் மேலே நிலா வந்தால் அவர் எடை சுமார் 8 மில்லிகிராம் குறையும். அரை அரிசி எடைகூட இல்லை. இவ்வளவு மெலிந்த விசை கடலைத் தூக்கி நிறுத்த முடியாது. உண்மையில் தூக்குவதும் இல்லை.

நிலா நேர் மேலே நிற்கும் இடத்தில் விசை செங்குத்தாக மேல் நோக்கி இருக்கிறது. அங்கே பூமியின் ஈர்ப்பு அதை அநாயாசமாக அடக்கிவிடும். ஆனால் நிலா வானத்தில் சாய்வாகத் தெரியும் இடங்களில் அதே விசை பக்கவாட்டில் இழுக்கிறது. பக்கவாட்டில் நகர, எடையை எதிர்த்துப் போராட வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமான கடலில், ஒவ்வொரு துளியும் துளியளவே நகர்ந்தாலும், எல்லாம் ஒரே திசையில் ஒதுங்கும்போது ஓரிடத்தில் மட்டம் உயரும், வேறோர் இடத்தில் தாழும். ஓதம் என்பது இப்படி ஒதுங்கிச் சேரும் தண்ணீர்.

கிணற்றிலும் குளத்திலும் கண்ணுக்குத் தெரியும் ஓதம் இல்லாததற்கு இதுவே காரணம். அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் இடையே நிலாவின் இழுப்பில் பேசத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை, ஒதுங்கிச் சேர இடமும் இல்லை. மனித உடலில் பெரும்பகுதி நீர்தானே, அதனால் பௌர்ணமி அன்று நமக்குள்ளும் ஓதம் எழும்பி மனநிலை மாறும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். தலைக்கும் காலுக்கும் இடையே ஆறடிகூட இல்லை. கடலுக்குக் கிடைத்ததோ பூமியின் விட்டம்.

ஒரே நிலா, பத்து மடங்கு ஓதம்

இதுவரை சொன்னது கண்டங்களே இல்லாமல், முழுவதும் ஆழ்கடலாக இருக்கும் ஒரு கற்பனைப் பூமிக்குப் பொருந்தும். அந்தக் கணக்கில் நிலாவும் சூரியனும் சேர்ந்து தரும் ஏற்ற இறக்கம் அதிகபட்சம் 80 சென்டிமீட்டர் அளவு. சென்னையில் அமாவாசைச் சமயத்து ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டி இருக்கிறது. கணக்கு அழகாகப் பொருந்துகிறது என்று மகிழ்வதற்குள் குஜராத்தின் பாவ்நகர் வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். அங்கே அதே அமாவாசையில் வித்தியாசம் 10 மீட்டரைத் தாண்டும். மூன்று மாடி உயரத் தண்ணீர், நாளுக்கு இருமுறை.

நிலா மாறவில்லை, கரை மாறியிருக்கிறது. 1770களில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் இதைத்தான் பிடித்தார். நிலாவுக்கு நேர் கீழே உள்ள புள்ளி நிலநடுக்கோட்டில் மணிக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கடலில் இவ்வளவு நீளமான அலையின் வேகத்தைத் தீர்மானிப்பது ஆழம். சராசரிக் கடல் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டரைத் தொடுவதே கஷ்டம். நிலாவுக்கு ஈடுகொடுத்து ஓட, கடல் 20 கிலோமீட்டருக்கு மேல் ஆழமாக இருக்க வேண்டும். போதாக்குறைக்கு நடுவே கண்டங்கள் வேறு மறிக்கின்றன. அதனால் நிலாவுக்குக் கீழே அடக்கமாக நகரும் இரண்டு புடைப்புகள் நிஜக் கடலில் இல்லை. நிலாவின் தாளத்துக்கு ஏற்ப ஒவ்வொரு பெருங்கடலும் தன் தன் தொட்டிக்குள் தளும்புகிறது. பூமியின் சுழற்சியால் அந்தத் தளும்பல் சுற்றி வரும் அலையாக மாறுகிறது. நியூசிலாந்தின் ஒரு கரையில் ஏற்றம் இருக்கும்போது எதிர்க்கரையில் வற்றமாக இருப்பது இதனால்தான், ஓத அலை அந்தத் தீவுகளைச் சுற்றி வருகிறது. வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் சில இடங்களில் நாளுக்கு ஓர் ஏற்றம்தான். புடைப்புப் படத்தை மட்டும் மனதில் வைத்திருந்தால் இதெல்லாம் புரியவே புரியாது.

பாவ்நகர் இருக்கும் காம்பே வளைகுடா ஒரு புனல். வாய் அரபிக்கடலைப் பார்த்து அகன்று கிடக்கிறது, உள்ளே போகப்போகக் குறுகி ஆழமும் குறைகிறது. வெளியேயும் மேற்குக் கடற்கரையின் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடித் தரை, இங்கேதான் 300 கிலோமீட்டருக்கு மேல் அகன்று கிடக்கிறது. கடலில் சாதாரணமாகப் புறப்பட்ட ஓத அலை இந்தப் புனலுக்குள் நுழையும்போது, அதன் ஆற்றல் முழுவதும் மேலும் மேலும் குறைந்த தண்ணீருக்குள் நெருக்கப்படுகிறது. வேறு வழியில்லாமல் உயரம் கூடுகிறது.

இந்த ஓதத்தோடு மனிதர்கள் மல்லுக்கட்டிய கதை பழையது. முசிறியைப் பற்றிச் சொல்லும் பெரிப்ளஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, இங்குள்ள பாரிகாசா துறைமுகத்தை, அதாவது இன்றைய பரூச்சை, விவரிக்கும்போது ஓதத்துக்கே தனி இடம் ஒதுக்குகிறது. அமாவாசையை ஒட்டிக் கடல் பேரிரைச்சலோடு உள்ளே பாயும், கப்பல்கள் தரைதட்டும், சிறு படகுகள் கவிழும் என்கிறது. அரசனின் பணியில் இருந்த உள்ளூர் மீனவர்கள் சௌராஷ்டிரக் கரைவரை வந்து காத்திருந்து வணிகக் கப்பல்களை அழைத்துப் போவார்களாம். ஏற்றம் தொடங்கும்போது இழுத்துக்கொண்டு புறப்படுவது, வற்றத்தின்போது குறித்த இடங்களில் நங்கூரமிட்டு நிறுத்துவது என்று அவர்கள் வைத்திருந்த முறையில் இருந்தது, ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முந்தைய ஓத அட்டவணை. நியூட்டன் யாருக்கும் தேவைப்படவில்லை.

அதே வளைகுடாவில், பாவ்நகருக்குத் தெற்கே, அலங் கரையில் 1983 முதல் பழைய கப்பல்களை உடைக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய கப்பல் உடைக்கும் கரைகளில் ஒன்று. பெரிய ஓதம் ஏறும் நாளில் கப்பலை அதன் சொந்த எஞ்சினாலேயே கரை நோக்கி ஓட்டி ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் வற்றியதும் கப்பல் சேற்றில் உட்கார்ந்துவிடும், உலர்தளம் கட்டும் செலவு மிச்சம். அருகே கோலியாக்கில் நிஷ்கலங்க மகாதேவர் கோயில் கடலுக்குள் இருக்கிறது. வற்றத்தில் நடந்து போய் வணங்கிவிட்டு ஏற்றத்துக்கு முன் திரும்பிவிட வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரை ஒட்டிய அமாவாசையில் அங்கே பெரிய திருவிழா. அமாவாசையில் வற்றமும் ஆழமாக இருக்கும் என்பது இப்போது நமக்குத் தெரியுமே.

கனடாவின் ஃபண்டி வளைகுடா இன்னும் ஒரு படி மேலே, 16 மீட்டர். அங்கே புனல் வடிவத்தோடு இன்னொன்றும் கூட்டு. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஒத்த நேரத்தில் தட்டிவிட்டால், சின்னத் தட்டலுக்கே உயர உயரப் போகும். அந்த வளைகுடாவின் தண்ணீர் உள்ளேயும் வெளியேயும் ஒருமுறை தானாக ஆடி முடிக்கச் சுமார் 13 மணி நேரம் ஆகும். கடல் அதைத் தட்டுவதோ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை. இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போவதுதான் ஃபண்டியின் அதிர்ஷ்டம். நம் பாக் நீரிணைக்கு அந்த யோகம் இல்லை, அங்கே ஓதம் சென்னையைவிடவும் குறைவு.

கரையின் வடிவம் இவ்வளவு விளையாடுவதால், எந்தத் துறைமுகத்துக்கும் ஓதத்தைச் சூத்திரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்தத் துறைமுகத்தின் நீர்மட்டத்தை நீண்ட காலம் அளந்து, அதில் நிலாவின் 12 மணி 25 நிமிடத் தாளம் எவ்வளவு, சூரியனின் 12 மணித் தாளம் எவ்வளவு, மற்ற சிறு தாளங்கள் எவ்வளவு என்று பிரித்தெடுக்க வேண்டும். அப்புறம் அவற்றையெல்லாம் முன்னோக்கி ஓட்டிக் கூட்ட வேண்டும். கணினி வராத காலத்தில் பற்சக்கரங்களும் கப்பிகளும் கொண்ட இயந்திரங்கள் இந்தக் கூட்டலைச் செய்தன. 1879இல் இந்தியத் துறைமுகங்களுக்காகவே அப்படி ஓர் இயந்திரம் லண்டனில் செய்யப்பட்டது. இன்று இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது.

நிலமும் அசைகிறது, நிலாவும் நகர்கிறது

ஓதம் கடலோடு நிற்பதில்லை. பாறையும் கொஞ்சம் நெகிழும். நம் காலடி நிலம் நாளுக்கு இருமுறை சில பத்து சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. சுற்றியுள்ள எல்லாமே சேர்ந்து அசைவதால் நமக்குத் தெரிவதில்லை. ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் முடுக்கியை இயக்கியவர்கள் 1990களின் தொடக்கத்தில் இதைப் பார்த்தார்கள். நிலத்தின் ஓதத்தால் வளையத்தின் சுற்றளவு ஒரு மில்லிமீட்டர் அளவு மாற, துகள்களின் ஆற்றலும் கூடவே மாறியது. அதற்கும் சேர்த்துத் திருத்தம் போட வேண்டியிருந்தது.

ஓதம் இலவசமாகவும் வருவதில்லை. கடல் தளும்பும்போது தரையோடு உரசி ஆற்றலை இழக்கிறது. அந்த ஆற்றல் பூமியின் சுழற்சியிலிருந்து போகிறது, எனவே நாள் நூறு ஆண்டுக்குச் சுமார் 2 மில்லிநொடி நீள்கிறது. பூமி நிலாவைவிட வேகமாகச் சுழல்வதால் ஓதப் புடைப்பு மொத்தத்தில் நிலாவுக்குச் சற்று முன்னே தள்ளி நிற்கிறது. அது நிலாவை முன்னோக்கி இழுக்க, நிலா மெல்ல வெளியே விலகுகிறது. 1969இல் அப்பல்லோ 11 பயணிகள் நிலாவில் வைத்துவிட்டு வந்த கண்ணாடியில் லேசர் ஒளியைப் பட்டுத் திரும்ப வைத்து இதை அளக்கிறார்கள். ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர். பழைய பவளங்களிலும் இதற்குச் சாட்சி உண்டு. சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பவளப் புதைபடிவங்களில் நாளுக்கு ஒன்றாகப் படிந்த வளர்ச்சி வரிகளை ஜான் வெல்ஸ் என்ற அமெரிக்கர் எண்ணிப் பார்த்து, அன்று ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 400 நாட்கள் இருந்ததாக 1963இல் எழுதினார். ஒரு நாள் 22 மணி நேரம்தான்.

இதில் ஒரு முடிச்சு இருந்தது. இன்றைய உராய்வு எப்போதும் இருந்ததாக வைத்து, நிலா கிட்டே இருந்த காலத்தில் ஓதமும் விலகலும் இன்னும் வேகமாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், சுமார் 150 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிலா பூமியோடு ஒட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் நிலாவின் வயது 400 கோடி ஆண்டுகளுக்கும் மேல். விடை இங்கேயும் கரையில்தான் இருக்கிறது. இன்றைய பெருங்கடல்களின், குறிப்பாக அட்லாண்டிக்கின், அகலமும் ஆழமும் ஃபண்டியைப்போலவே நிலாவின் தாளத்துக்கு ஒத்துப்போகின்றன. அதனால் தளும்பலும் உராய்வும் இப்போது வழக்கத்தைவிட அதிகம். கண்டங்கள் வேறு இடங்களில் கிடந்த காலத்தில் நிலா இதைவிட மெதுவாகவே விலகியது.